தவமணி அக்காவின் இருபது ஹெர்ட்ஸ்

பழங்காநத்தத்தில் என் விளக்குக் கடையில் ஒருவருக்கு டியூப்லைட்டை எரியவிட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. தவமணி அக்காவின் மகள் கவிதா. "மாமா, அம்மா போயிருச்சு மாமா. காப்பி வேணும்னுச்சு. போட்டு எடுத்துட்டு வாரதுக்குள்ள..." என்றாள். எதிரில் நின்றவர், "இது ரொம்பச் சூடாகுமாண்ணே?" என்று கேட்டார். டியூப்லைட்டை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு ஷட்டரை இறக்கினேன். பாவம், அதைக் கையில் பிடித்தபடி அவர் தெருவில் நின்றது இரண்டு நாள் கழித்துத்தான் என் நினைவுக்கு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நம் அமெச்சூர் வானொலிச் சங்கத்தின் வாராந்தரச் சந்திப்பை வானொலியில் நடத்தியவன் நான்தான். நீங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தவன் வாய்ப் பழக்கத்தில் அவர் பெயரையும் வாசித்துவிட்டேன். எப்போதும் கடைசி ஆளாக வந்து "இருக்கேன், இருக்கேன்" என்று இரண்டு முறை சொல்லும் அந்தக் குரல் வரவில்லை. ஒரு நிமிடம் போல அலைவரிசை துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்த அதே நேரத்தில் எனக்கு இன்னொன்றும் தோன்றியது. இப்படி ஒரு சுத்தமான அலைவரிசையைத் தேடித்தானே இந்த மனுஷி இத்தனை காலம் மாடிக்கும் தெருவுக்கும் நடந்தார்! இப்போது கிடைத்திருக்கிறது, ஆளைக் காணோம். அவர் இருந்திருந்தால் இதைச் சொல்லி முதலில் சிரிப்பது அவராகத்தான் இருக்கும். அதனால் இங்கே நான் அதிகம் அழப்போவதில்லை. அதைவிட, ஒரு விஷயத்தை உங்கள் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது கடைசியில் வரும்.

அக்காவைக் குரலாக மட்டும் அறிந்த வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். அவர் கப்பலூர் தொழிற்பேட்டையில் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். எரிந்துபோன மோட்டார் உள்ளே போகும், ஓடுகிற மோட்டார் வெளியே வரும். சோழவந்தானில் அடுத்தவர் கொடிக்கால்களில் கூலிக்கு வெற்றிலை கிள்ளிய குடும்பம் அவருடையது. தொழிற்பயிற்சி நிலையத்தில் அவர் வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். "வெத்தலை கிள்ளுன விரலு தம்பி. எது கிழியும் எது கிழியாதுன்னு தெரியும். கம்பியும் அப்படித்தேன்" என்பார். தலைமுடி கனத்துக்கு இருக்கும் செப்புக் கம்பியை அவர் சுற்றும்போது பேச்சு நிற்காது, கம்பியும் அறுகாது.

எங்கள் பழக்கம் தொடங்கியது அமெச்சூர் வானொலி உரிமத் தேர்வு எழுதப் போன இடத்தில். அவருக்கு ஐம்பது வயது, எனக்கு நாற்பத்தைந்து. வாசலில் இருந்த காவலாளி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "பிள்ளைகளை விட வந்தவங்க அந்தப் பக்கம் உக்காருங்க" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அக்கா நேராகப் போய் அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து இரண்டு வாழைப்பழத்தை எடுத்து ஒன்றை எனக்கு நீட்டினார். "பரீட்சைக்கு இன்னும் அரை மணி இருக்கு. அவரு உக்காரத்தானே சொன்னாரு, திங்க வேணாம்னா சொன்னாரு?" என்றார். அன்றைக்கு அவர் தேர்ச்சி பெற்றார், நான் பெறவில்லை. அடுத்த முறை எனக்குத் துணையாக வந்தவர் அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு நெசமாவே பிள்ளையை விட வந்திருக்கேன்" என்று அந்தக் காவலாளியிடம் சொன்னார்.

உரிமம் கிடைத்ததும் எல்லோரும் உலகம் முழுக்கப் பேசக் கிளம்பினோம். அக்காவுக்கு மட்டும் அடித்தளத்தில் ஆசை வந்தது. நமக்கு அனுமதிக்கப்பட்ட அலைவரிசைகளிலேயே மிகத் தாழ்வானது நூற்று முப்பத்தாறு கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருப்பது. மொத்த அகலமே இரண்டாயிரத்துச் சொச்சம் ஹெர்ட்ஸ். ஒரு மனிதக் குரல்கூட அதற்குள் கால் நீட்டிப் படுக்க முடியாது. அனுப்பும் சக்தியோ ஒரு குட்டி டார்ச் அளவு. அதனால் அங்கே யாரும் பேசுவதில்லை, மோர்ஸ் குறிகளை அனுப்புவார்கள், அதையும் நம்ப முடியாத அளவு மெதுவாக அனுப்புவார்கள். ஒரு புள்ளிக்கு அரை நிமிடம், ஒரு கோட்டுக்கு ஒன்றரை நிமிடம். உரிமத்தோடு தரும் எழுத்துப் பெயரான சொந்த அழைப்புக்குறியைச் சொல்லி முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆகிவிடும். காதால் கேட்க ஒன்றும் இருக்காது. கணினித் திரையில் மேலிருந்து கீழே மெல்ல இறங்கும் படத்தில் வெளிச்சப் பொட்டுகளாகப் பார்க்க வேண்டும். நம்மில் பலர் இதைக் கேட்டுக் கொட்டாவி விட்டோம். அக்கா மட்டும், "மணிக்கணக்கா ஒருத்தர் பேரை ஒருத்தர் பொறுமையா கேக்குறது எம்புட்டு மரியாதை!" என்றார்.

அந்தத் திரையில் நம் குறிகள் தெரிய வேண்டுமானால் அந்த இடத்தில் வேறு இரைச்சல் இருக்கக் கூடாது. பழங்காநத்தத்தில் அதற்கு எங்கே போவது? எல்.இ.டி. விளக்கு, கைபேசிச் சார்ஜர், இன்வெர்ட்டர், தையல் மோட்டார் என்று ஒவ்வொன்றும் திரையில் ஆளுக்கொரு செங்குத்துக் கோடு போட்டுவிடும். இங்கேதான் என் பிழைப்பு வந்து மாட்டியது. சங்கக் கூட்டம் ஒன்றில் உங்களில் ஒருவர் (பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும்) "விளக்குக்கடைக்காரர் விக்கிறது வெளிச்சமா, இரைச்சலா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தீர்கள். நான் டீ டம்ளரைக் கவிழ்த்துவிட்டு வெளியேறினேன். ஆறு வாரம் சங்கத்துப் பக்கமே வரவில்லை.

ஏழாவது வாரம் அக்கா கடைக்கு வந்தார். சமாதானம் பேசவில்லை. "ரேடியோ மேசைக்கு ஒரு விளக்கு வேணும் தம்பி. கரண்டு போனாலும் எரியணும்" என்றார். எனக்கு மனது இளகிவிட்டது. கடையில் இருந்ததிலேயே நல்ல சார்ஜர் விளக்கை எடுத்து, துடைத்து, பரிசாகவே அவர் கையில் கொடுத்தேன். மின்சாரம் நின்ற நொடியில் தானாக எரியும் ரகம். கொடுத்ததோடு விட்டிருக்கலாம். "இதுல ஒரு பொட்டு இரைச்சல் வராதுக்கா. வந்தா இந்த மீசையை எடுத்துக்கிறேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சபதமும் போட்டேன். என் மீசை நீங்கள் அறிந்ததுதான். கல்யாணப் புகைப்படத்தில் என் மனைவிக்கு முன்பாக அதுதான் தெரியும். அடுத்த ஞாயிறு நான் சங்கத்துக்குத் திரும்பினேன்.

அக்காவின் இலக்கு அந்தமான். அங்கே, கப்பல்களில் வானொலி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற அந்தோணி சார் இதே கிறுக்கோடு உட்கார்ந்திருந்தார். நடுவில் முழுக்கக் கடல். மதுரையிலிருந்து அவருக்குக் குறி போக வேண்டும், அவர் பதில் இங்கே வந்து சேர வேண்டும். இரண்டும் நடந்தால்தான் அது ஒரு தொடர்பு என்று கணக்கு. நீலத் தண்ணீர் டிரம் ஒன்றின் மேல் அக்கா தன் கையால் பெரிய காயில் சுற்றினார். தன் மாடியிலிருந்து பின்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வரை ஏரியல் கம்பி இழுத்தார். அந்தப் பின்வீடு விற்றுப்போயிருந்தது. தை மாதம் முடிந்ததும் இடிக்கப்போகிறார்கள். தொட்டி போனால் கம்பி போகும், அதைக் கட்ட அக்கம்பக்கத்தில் வேறு உயரம் கிடையாது. ஆகவே, தை முடிவதற்குள் அந்தமானிலிருந்து பதில் வர வேண்டும். அக்காவுக்கு அந்த வருஷம் இருந்த ஒரே கவலை அதுதான். மகள் வீட்டுப் பொங்கலுக்குக்கூடப் போகவில்லை.

முதல் வேலை, தெருவின் இரைச்சலை அளப்பது. நானாக இருந்தால் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, "இதை அணை, அதை அணை" என்று சண்டை பிடித்திருப்பேன். அக்கா தோளில் ஒரு சின்ன ரேடியோவைத் தொங்கவிட்டுக்கொண்டு மாலையில் நடப்பார். கிர்ரென்று சத்தம் கூடும் வீட்டில் நுழைவார். டீ குடிப்பார். என்ன மிஷின், எத்தனை மணிக்கு ஓடும், எப்போது நிற்கும் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். யாரையும் எதையும் அணைக்கச் சொன்னதில்லை. "இரைச்சல்னு ஒண்ணும் கெடையாது தம்பி. எல்லாம் யாரோ ஒருத்தர் பொழைக்கிற சத்தம். அவுகளுக்கு அது பொழப்பு, நமக்கு இது வெளையாட்டு. நகர வேண்டியது நாமதேன்" என்பார். கொஞ்ச நாளில் திரையில் இருந்த ஒவ்வொரு கோட்டுக்கும் பெயர் வந்துவிட்டது. டியூஷன் கோடு, பல் டாக்டர் கோடு, கல்யாண மண்டபத்துக் கோடு, செக்குக் கோடு.

செக்குக் கோடு என்பது மூன்றாவது தெருவில் மரச்செக்கு வைத்திருந்த பெரியவருடையது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க அவர் ஒரு பெட்டி பொருத்தியிருந்தார். அது நம் திரையில் கடப்பாரை கனத்துக்கு ஒரு கோடு போடும். ஒரு நாள் அந்தக் கோடு இல்லை. நான் சந்தோஷத்தில் குதித்தேன். மறுநாளும் இல்லை. அக்கா எழுந்துவிட்டார். "ரெண்டு நாளா அவரு கோட்டைக் காணோமே, என்னாச்சுன்னு தெரியலையே" என்று செருப்பை மாட்டினார். போய்ப் பார்த்தால் மனிதர் காய்ச்சலில் தனியாகப் படுத்துக் கிடந்தார். ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனது அக்காதான். ஒரு வாரம் கழித்துத் திரையில் அந்தக் கடப்பாரை மறுபடி தெரிந்தபோது, "அப்பாடா, எந்திரிச்சுட்டாரு" என்று கைதட்டினார். நல்ல அலைவரிசை ஒன்று கைநழுவிப் போனதற்குக் கைதட்டிய ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இப்படி அளந்து அளந்து பழங்காநத்தத்திலேயே சுத்தமான ஓர் இடத்தைக் கண்டுபிடித்தோம். அந்த இடத்தில் மூன்று வாரம் தினமும் அழைப்புக்குறியை அனுப்பினோம். அந்தமானில் அந்தோணி சார் திரையில் ஒரு பொட்டுகூட விழவில்லை. காயில் சரியில்லை என்று நான் சொன்னேன், அக்கா அதை அவிழ்த்து மறுபடி சுற்றினார். மண் காய்ந்துவிட்டது என்றேன், எர்த் கம்பிக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். கடைசியில் ஒரு நாள் அந்தோணி சாரிடம், "சார், உங்க ஊட்டுத் திரை எப்படி இருக்கும்னு ஒரு போட்டோ அனுப்புங்க" என்று கேட்டார். படம் வந்தது. அவர் வீட்டுக்குப் பக்கத்தில் மீனுக்கு ஐஸ் போடும் ஆலை இருந்தது. அதன் இரைச்சல் நாங்கள் பொறுக்கி எடுத்த அந்தச் சுத்தமான இடத்தின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "நம்ம காதுக்குச் சுத்தமா இருந்து என்னா பண்ண? கேக்குறவுக காதுக்குல்ல சுத்தமா இருக்கணும்! மூணு வாரமா நம்ம வசதியைப் பாத்தே பேசியிருக்கோம் தம்பி" என்றார். மேடையேறிப் பேசுகிறவர்கள் எல்லோரும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய வார்த்தை இது. அன்றிலிருந்து இரண்டு ஊர்த் திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஐம்பதின் மடங்குகளில் மின்சார இரைச்சல் தலைகாட்டும், அவற்றை ஒதுக்க வேண்டும். மற்ற நிலையங்களுக்கு வழிவிட வேண்டும். அங்கே ஐஸ் ஆலை, இங்கே பல் டாக்டர். எல்லாம் கழித்துப் பார்த்தபோது 137.2 கிலோஹெர்ட்ஸைத் தாண்டி ஒரு சின்னச் சந்து மட்டும் மிஞ்சியது. நாற்பது ஹெர்ட்ஸ்கூட இருக்காது. மெதுவான மோர்ஸுக்கு அது தாராளம். தை அப்போதுதான் பிறந்திருந்தது.

ஆனால் எங்கள் திரையில் அந்தச் சந்தின் வாசலில் ஒரு மெல்லிய கோடு வந்து போனது. மாலையில் மட்டும் வரும். ஓரிடத்தில் நிற்காமல் பூனை வால் மாதிரி நெளிந்துகொண்டு எண்ணில் மேலே ஏறும். அது யாருடையது என்று தெரியவில்லை. நம் தொழிலில் முதல் பாடம், சொந்த வீட்டைச் சோதிப்பது. அதையும் செய்தோம். வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்தேன். விசிறி நின்றது, பிரிட்ஜ் நின்றது, வீடு இருட்டானது. கணினியும் ரேடியோவும் பாட்டரியில் ஓடின. மேசை விளக்கின் வெளிச்சத்தில் இருவரும் திரையை உற்றுப் பார்த்தோம். கோடு அப்படியே இருந்தது. "பாத்தீங்களா? நம்ம வீடு பத்தரை மாத்துத் தங்கம்க்கா. இது வெளியாள் வேலை" என்றேன். அக்காவும் தலையை ஆட்டினார். நண்பர்களே, நான் எழுதியதை இன்னொரு முறை படியுங்கள். சிலர் இந்நேரம் சிரிக்கத் தொடங்கியிருப்பீர்கள். எனக்கு அது விளங்க ஏழு மாதம் ஆனது.

வெளியாள் யார் என்று நானே முடிவு கட்டினேன். எதிர்வீட்டு மாடியில் எம்பிராய்டரி மிஷின் ஓட்டும் கண்ணன். நேராகப் போய், "உன் மிஷினால ஒரு பொம்பளையோட நாலு வருஷ உழைப்பு பாழாகுது, தெரியுமா?" என்று கத்தினேன். கண்ணன் சாதுவான ஆள். கல்யாண சீசனில் ஜாக்கெட் வேலை குவிந்து கிடக்க, அக்காவுக்காக மூன்று மாலை மிஷினை நிறுத்தி வைத்தான். கோடு போகவில்லை. அவன் வீட்டில் வேறு ஏதோ ஒளிந்திருக்கிறது என்று நான்காம் நாளும் கிளம்பிய என்னை அக்கா படியிலேயே மறித்தார். "எங்க போற?"

"கண்ணன் வீட்டுக்கு. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வாரேன்."

"ஒண்ணும் பாக்க வேணாம். அவன் பொழப்பை ஓட்ட விடு. அந்தக் கோட்டை நான் பாத்துக்கிறேன்."

"யாரு கோடுன்னே தெரியல, எப்படிக்கா பாத்துக்கிருவீங்க?"

"அது நம்ம சொந்தக்காரக் கோடு தம்பி. ஒண்ணும் செய்யாது" என்றார். ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். அன்று மாலை கண்ணன் வீட்டுக்கு அவரே ஒரு தூக்கில் பாயசம் கொண்டுபோனார். என்னைக் கூப்பிடவில்லை.

அதன் பிறகு மூன்று வாரம் நான் மாலையில் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. கடையில் வியாபாரம் அதிகம். தை முடிய இரண்டு நாள் இருக்கும்போது அக்காவே அழைத்தார். "அந்தோணி சாருக்குச் சொல்லிட்டேன். இன்னைக்குச் சாயங்காலம் 137.223. வந்து உக்காரு." ஏன் சரியாக 223 என்று கேட்டேன். "பிடிச்சிருக்கு, அம்புட்டுத்தேன்" என்றார்.

அன்று ஐந்து மணிக்கு அனுப்பத் தொடங்கினோம். பாட்டரியும் கணினியும் வேலை செய்ய, எங்களுக்கு வேடிக்கை பார்ப்பதுதான் வேலை. நீல டிரம் லேசாகச் சூடானது. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒன்றரை நிமிடம். அந்த இடைவெளியில் அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்தார். இரண்டு முறை அழைப்புக்குறி போய் முடியும்போது ஆறரை ஆகிவிட்டது. சூரியன் இறங்கி அறை மங்கியதும் டியூப்லைட்டைப் போடாமல் மேசை விளக்கை மட்டும் போட்டார். பிறகு நாங்கள் அனுப்புவதை நிறுத்திவிட்டுக் கேட்க உட்கார்ந்தோம். பின்வீட்டு வாசலில் இடிக்கிறவர்களின் வண்டி அன்று காலையே வந்து நின்றிருந்தது.

அந்தப் பாழாய்ப்போன நெளிகோடு சொல்லி வைத்தாற்போல் கிளம்பியது. கீழ் எண்ணிலிருந்து எங்கள் இடத்தை நோக்கி ஏறிவந்தது. 150, 170, 190. அந்தோணி சாரின் பதில் 223-இல் தொடங்க வேண்டிய நேரம். நான் எழுந்துவிட்டேன். "அக்கா, வந்து மேல ஏறிரும்க்கா! கண்ணனைப் போய்..." அவர் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். "அது 203-ல நிக்கும். அதுக்கு மேல போகாது. உக்காரு."

எப்படி அவ்வளவு உறுதி என்று எனக்குப் புரியவில்லை. 200. 202. 203. நின்றது. கட்டிப்போட்ட மாதிரி அங்கேயே நின்றது. அதற்கு இருபது ஹெர்ட்ஸ் தள்ளி, கறுப்பாகக் கிடந்த வெறும் இடத்தில், ஒரு வெளிச்சப் பொட்டு விழுந்தது. அது நீண்டது. முழுக் குறிக்குப் பதிலாக, நேரம் மிச்சம் பிடிக்க, அக்காவின் அழைப்புக்குறியின் கடைசி எழுத்தை மட்டும் அந்தமான் எழுதிக்கொண்டிருந்தது. அடுத்து ஒரு கோடு. இடைவெளி. இன்னொரு கோடு. இடைவெளி. மூன்றாவது கோடு. மூன்று கோடு சேர்ந்தால் 'ஓ'. உன்னை நன்றாகத் தெரிகிறது என்று எங்கள் கணக்கில் அதற்கு அர்த்தம். அந்த ஒரு எழுத்து வந்து முடிய ஐந்தரை நிமிடம் ஆனது. அக்கா அத்தனை நேரமும் கீரைக்காம்பைக் கையில் பிடித்தபடி அசையாமல் இருந்தார். முடிந்ததும், "சார் கையெழுத்து அழகா இருக்குல்ல?" என்றார். நான் வெட்கமில்லாமல் அழுதேன். எதிர்மாடியிலிருந்து கண்ணன், "என்னாச்சுக்கா, வந்துருச்சா?" என்று கத்தினான். அவன் மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மூன்று நாளில் பின்வீடு போனது, தொட்டி போனது, கம்பியைச் சுருட்டி வைத்தோம். அக்காவுக்கு வருத்தமே இல்லை. கேட்கிறவர்களிடமெல்லாம் அந்த மூன்று கோட்டைக் காற்றில் விரலால் போட்டுக் காட்டினார். ஆவணியில் ஒரு காலை காப்பி கேட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தபோது கவிதா அந்த நோட்டை என்னிடம் கொடுத்தாள். "அம்மா இதை உங்ககிட்டத்தான் குடுக்கணும்னு சொல்லும் மாமா. ஆனா நான் இருக்கும்போது குடுத்துறாதன்னும் சொல்லும்." எனக்குப் புரியவில்லை. ரேடியோ மேசையில் உட்கார்ந்து புரட்டினேன். தெருக்காரர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். டியூஷன், பல் டாக்டர், செக்கு. தை மாதப் பக்கத்தில் அக்காவின் குண்டுக் கையெழுத்தில் இப்படி இருந்தது: "மெயினை அணைச்சோம். விளக்கை அணைக்கலை. ரெண்டு பேருக்கும் கிறுக்கு."

நான் மேசையைப் பார்த்தேன். நான் கொடுத்த விளக்கு அங்கேயே இருந்தது. மின்சாரம் நின்ற நொடியில் தானாக எரியும் ரகம். அன்று மெயினை அணைத்ததும் வீட்டில் உயிரோடு இருந்த ஒரே இரைச்சல் அதுதான், அதன் வெளிச்சத்தில் குனிந்துதான் நாங்கள் இரைச்சலைத் தேடியிருக்கிறோம். அடுத்த பக்கங்களில், நான் போகாத மூன்று வாரமும், தினமும் மாலையில் விளக்கைப் போட்டு அந்தக் கோட்டை அளந்து எழுதியிருந்தார். விளக்கு சூடாகச் சூடாக அது ஏறும், 203-இல் நின்றுவிடும். ஒரு நாள்கூட அதைத் தாண்டவில்லை. கடைசி வரி இது: "தம்பி குடுத்த விளக்கு. சொன்னா மீசையை எடுத்துப்புடுவான். அவனுக்கு மீசைதான் அழகு. எரியட்டும். இருபது தள்ளிப் போவோம். 137.223."

காரிய வீட்டில், இலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கவிதா ஓடிவந்தாள். அந்த வரியைக் காட்டினேன். அவள் படித்தாள், என் மீசையைப் பார்த்தாள், பிறகு அவளும் சிரித்தாள். அம்மா போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் முறை என்று அவள் கணவர் பின்னால் சொன்னார்.

அங்கிருந்து நேராகக் கண்ணன் மாடிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன், வாசலில் நின்று தொண்டையைச் செருமினேன். "கண்ணா, அந்தக் கோடு உன்னோடது இல்லப்பா. என்னோடது. நான் குடுத்த விளக்கு."

அவன் மிஷினை நிறுத்தவில்லை. "தெரியும்ணே" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"அக்கா அன்னைக்கே பாயசத்தோட வந்து சொல்லிருச்சு. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு. எனக்கு மட்டுமில்ல, தெருவுக்கே தெரியும்ணே. செக்குக்காரரு உங்களைப் பாக்கும்போதெல்லாம் ஏன் மீசையைத் தடவுறாருன்னு நெனைச்சீங்க?" என்றான். பிறகு, நூலைக் கடித்துக்கொண்டே, "அந்தக் கம்பியை இனி எங்க கட்டுறதுன்னு யோசிக்காதீங்க. நான் இந்த மாடியில இரும்புக் குழாய் நட்டு ஒரு உயரம் பண்ணித் தாரேன். வார தைக்கு அந்தமான் சாரைக் கூப்பிடுங்க" என்றான்.

நண்பர்களே, ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டுவிட்டேன். அக்காவிடமிருந்து என்னிடம் இப்போது இருப்பவை ஒரு நோட்டு, ஒரு விளக்கு, 137.223 என்ற எண். வரும் தையில் அதே எண்ணில் அந்தோணி சாரை அழைப்பேன். அந்த விளக்கு மேசையில் எரிந்துகொண்டுதான் இருக்கும். இன்னொன்றும் இருக்கிறது. காரியம் முடிந்த மறுநாள் காலை, போட்ட சபதம் போட்டதுதான் என்று கத்தரிக்கோலோடு கண்ணாடி முன் நின்றேன். வெகுநேரம் நின்றேன். கை வரவில்லை. தன் நாலு வருஷக் கனவை இருபது ஹெர்ட்ஸ் நகர்த்தி வைத்து ஒருவர் காப்பாற்றிய மீசை அது. இனி அதை எடுக்க எனக்கு உரிமை இல்லை. அடுத்த கூட்டத்தில் நீங்கள் அதைப் பார்த்துச் சிரிக்கலாம். நான் டம்ளரைக் கவிழ்க்க மாட்டேன், கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து நானும் உங்களோடு சிரிப்பேன்.